இறங்காத எடை

எல்லா முள்ளும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டன, ஒன்றைத் தவிர.

அளவம்மா குனிந்து பார்த்தாள். சுழல்படிக்கட்டின் கீழ்வளைவில், ஒரு படிக்கு அடியில் அந்த டயல் கேஜ் நின்றுகொண்டிருந்தது. கைக்கடிகாரம் மாதிரி ஒரு முகம், அதன் தலையில் ஒரு மெல்லிய கம்பி. அந்தக் கம்பி படியின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மேலே ஆள் ஏறினால் படி மயிரிழை அளவு தாழும், முள் நகரும். ஆள் இறங்கினால் படி நிமிரும், முள்ளும் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒழுங்காகச் செய்த இரும்பு அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். இந்த ஒரு முள் மட்டும், ஒரு ஆள் ஏறி நின்றால் எங்கே நகருமோ அங்கேயே நின்றது. நகத்தால் சுண்டிப் பார்த்தாள். கொஞ்சம் நடுங்கிவிட்டு அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நிமிர்ந்து படியைப் பார்த்தாள். யாரும் இல்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால், அந்தப் படியில் எடைச் சோதனையின்போதும் யாரும் ஏறவில்லை.

அளவம்மா என்பது பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர். டீ கிளாஸைக்கூட மேஜை விளிம்பிலிருந்து அளந்துதான் வைப்பாள் என்று வெல்டர்கள் கேலி செய்வார்கள். முகத்துக்கு நேரே "அக்கா", முதுகுக்குப் பின்னால் "அளவம்மா". பட்டறை அவளுடைய அண்ணனுடையது. இரும்பை வாங்குவது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அவர் பாடு. எதை எவ்வளவு வெட்டுவது என்று வரைந்து கொடுப்பது இவள் பாடு.

பொது நூலகத்துக்கு இந்தச் சுழல்படிக்கட்டு என்று முடிவானதிலிருந்து அவள் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட், படிக்கட்டு காற்றில் மிதக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். "மிதக்கிறது படிக்கட்டோட வேலை இல்ல சார், நிக்கிறதுதான்" என்று சொல்லி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழையாத இடைவெளி வேண்டும் என்றாள். ஜெயில் மாதிரி இருக்கும் என்றார்கள். படித்தகட்டில் சொரசொரப்பு வேண்டும் என்றாள். பெருக்கக் கஷ்டம் என்றார்கள். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் உரசிக்கொள்ளாமல் போக அகலம் வேண்டும் என்றபோது, நூலகர் ஒரு அலமாரி இடம் போய்விடும் என்று மூக்கால் அழுதார். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டுத்தான் ஜெயித்தாள். வீட்டுப் படிக்கட்டென்றால் எந்தப் படி வழுக்கும் என்று வீட்டுக்காரர்களின் காலுக்குப் பழகிவிடும். பொதுப் படிக்கட்டில் ஏறப்போவது யாரென்றே தெரியாது. யார் ஏறினாலும் தாங்க வேண்டும். இதை அவள் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

கடைசிச் சண்டை எடைச் சோதனையில் வந்தது. படிகளில் மணல் மூட்டை ஏற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். "மணலா? புத்தகம் இருக்கிற இடத்திலயா? மழை வேற பெய்யுது, ஈர மூட்டையெல்லாம் உள்ள விடமாட்டேன்மா" என்று நூலகர் வாசலில் கையை விரித்து நின்றுகொண்டார். அப்படியானால் பட்டறையின் பழைய முறைதான். மணலுக்குப் பதில் ஆட்கள். எல்லோரையும் எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்து, ஆளுக்கொரு படியில் ஏற்றி, அசையாமல் நிற்க வைப்பார்கள். முள் சொல்வதைக் குறித்துக்கொண்ட பிறகு, பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் மட்டும் இறங்க வேண்டும். திமுதிமுவென்று எல்லோரும் ஒன்றாக இறங்கினால் படிக்கட்டு குலுங்கும், முள்ளும் துள்ளும் என்பதால் அவளே வைத்த சட்டம் அது. கூப்பிடாமல் எவனாவது காலை எடுத்தால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

ஆட்கள் ஏறினார்கள். ஒரு படி காலி. பெயின்ட் அடிக்கிற ஆள், பட்டறையில் எல்லோருக்கும் "பிரஷ்", டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் போனவன்தான். போனை எடுக்கவில்லை. நூலகர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். அடுத்த நாள் திறப்பு விழா. அண்ணன் மேலேயிருந்து "இப்படியே நின்னா கால் மரத்துரும்மா, சீக்கிரம்" என்றார். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"சரி, விட்டுத் தள்ளுங்க! அந்தப் படியிலயும் ஒரு ஆள் நிக்கிறதா வெச்சுக்குவோம். நான் கணக்குல கூட்டிக்கிறேன். யாரும் அசையக் கூடாது. கூப்பிடற வரைக்கும் அப்படியே நில்லுங்க."

நின்றார்கள். கண்ணாடிக் கூரையில் மழை விழுகிற சத்தமும், புதுப் பெயின்டின் காரமான வாடையும், யாரோ இருமலை அடக்கிக்கொள்கிற சத்தமும் தவிர அந்தக் கூடத்தில் வேறு எதுவும் இல்லை. அவள் ஒவ்வொரு கேஜாகப் பார்த்து எழுதினாள். பிறகு கூப்பிட்டாள். "மொட்டை, இறங்கு. நெட்டை, இறங்கு. அண்ணா, நீ இறங்கு." இறங்கினார்கள். எல்லோரும் இறங்கிய பிறகுதான் அவள் அந்த முள்ளைப் பார்த்தாள்.

"ஸ்பிரிங் போயிருக்கும். பழைய கேஜ்தானே" என்றார் அண்ணன்.

அவள் அதைக் கழற்றிக் கையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. ஒரு கோளாறும் இல்லை. மறுபடி படிக்கு அடியில் பொருத்தினாள். பூஜ்யம். அப்போதுதான் உறைத்தது: படி இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதைத்தான் கேஜ் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே கலைத்துவிட்டாள். தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. நூலகர் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். எல்லா அளவும் வரம்புக்குள்தான் இருந்தன. பாதுகாப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள்.

திறப்பு விழா நல்லபடியாக முடிந்தது. ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள், ஆர்க்கிடெக்ட் தன்னை மட்டும் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். மேல்தளம் குழந்தைகள் பகுதி. அளவம்மாவின் மகள், சிட்டு என்று எல்லோரும் கூப்பிடுகிற இரண்டாம் வகுப்புக்காரி, அன்றிலிருந்தே அதன் நிரந்தரக் குடிமகளானாள். பள்ளிக்கூட வேன் அவளை நூலக வாசலில் இறக்கிவிடும். பட்டறை வேலை முடிந்து அம்மா வருகிறவரை மாடியில் படம் பார்ப்பாள், படிப்பாள், சில நாள் புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போவாள். அவளை அழைத்துப்போக வரும்போதுதான் அளவம்மா அதைக் கவனித்தாள்.

கைப்பையோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், கீழ்வளைவு வந்ததும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளிக்கம்பியோடு ஒட்டி ஒதுங்கினார். பிறகு மேலே போனார். பின்னாலேயே வந்த பெரியவர், அதே இடம், அதே மாதிரி தோளைச் சாய்த்து ஒதுங்கினார். இரண்டு புத்தகத்தோடு இறங்கிவந்த கல்லூரிப் பையனும் ஒதுங்கினான். எதிரே ஆள் வந்தால் எல்லோரும் செய்வதுதான். எதிரே ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"தம்பி, அந்த இடத்துல ஏன் ஒதுங்கினீங்க?"

"ஒதுங்கினேனா? இல்லையே அக்கா" என்றான் அவன். பொய் சொல்கிற முகமாகவும் தெரியவில்லை.

தன் படிக்கட்டில் ஏதோ கோணல் இருக்கிறது என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது. ஒரு படியின் உயரம் மற்றதைவிடத் துளி கூடினாலும் குறைந்தாலும் மனிதனின் கால் கண்டுபிடித்துவிடும், தடுமாறும். விடுமுறை நாளில் நூலகரிடம் சாவி கேட்டு, கெஞ்சி, அவர் முணுமுணுப்பையெல்லாம் கேட்டுக்கொண்டு, கீழேயிருந்து மேலே வரை அளந்தாள். உயரம் சரி. அகலம் சரி. கைப்பிடி சரி. அவள் வாழ்க்கையில் இவ்வளவு சரியாக எதையும் செய்ததில்லை. அதனால் எரிச்சல் இரண்டு மடங்கானது. தப்பு இருந்தால் திருத்தலாம். தப்பே இல்லாத ஒன்றை எங்கே பிடித்துத் திருத்துவது?

கடைசியாக ரசமட்டத்தை எடுத்தாள். கண்ணாடிக் குழாயில் குமிழி மிதக்கும், தளம் சமமாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும். ஒவ்வொரு படியிலும், தன் காலை அதன்மேல் வைக்காமல் கீழ்ப்படியில் நின்றபடியே வைத்துப் பார்த்தாள். நடுவில். நடுவில். நடுவில். சோதனையன்று முள் நகர்ந்த அந்தப் படியிலும் குமிழி நடுவில்தான் நின்றது. வீணாக மனசைக் குழப்பிக்கொண்டோம் என்று நினைத்தபடி அடுத்த படியில் வைத்தாள்.

குமிழி உள்பக்கமாக ஒதுங்கியது. படியின் வெளிமுனை மயிரிழை தாழ்ந்திருந்தது. ஒரு ஆள் நிற்கிற தாழ்வு.

கையை நீட்டி அந்தப் படிக்கு மேலே இருந்த வெறும் இடத்தைத் துழாவ வேண்டும் என்று தோன்றியது. நீட்டவில்லை. கை வரவில்லை என்பதுதான் நிஜம்.

இரண்டு நாள் கழித்துக் குமிழி இந்தப் படியில் நேராகி, இதற்கு மேலே இருந்ததில் ஒதுங்கியது. ஜனங்கள் ஒதுங்குகிற இடமும் ஒரு படி மேலே போயிருந்தது. அப்புறம் இன்னும் ஒரு படி. ஒவ்வொரு நாளும் நகர்வதில்லை. கூட்டம் அதிகமாக ஏறி இறங்குகிற நாட்களில் நகர்ந்தது. குழந்தைகள் ஓடுகிற நாட்களில் இன்னும் கொஞ்சம் வேகமாக. மேல்நோக்கி மட்டும்.

அண்ணனை இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். அவர் குமிழியைப் பார்க்கவே இல்லை. தடதடவென்று மேலே ஏறினார், நடுத்தூணை ஆட்டிப் பார்த்தார், "பாறை மாதிரி நிக்குது. நீ சரியாத் தூங்கறியா இல்லையா?" என்று கேட்டபடியே இறங்கினார். பாதி வழியில் தோளைச் சாய்த்தார். கம்பியோடு ஒட்டினார். இறங்கினார்.

"அண்ணா! இப்ப ஏன் ஒதுங்கினே?"

அவர் நின்றார். திரும்பி மேலே பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தபடி "பழக்கம்தான்" என்றார். "பட்டறையில வேலை கிடக்கு, வரேன்." அதற்குப் பிறகு நூலகம் என்ற பேச்செடுத்தாலே அவருக்கு அவசர வேலை வந்துவிடும்.

சிட்டுவிடம் கேட்டாள், சும்மா கேட்கிற மாதிரி. "படிக்கட்டுல நடுவுல ஏன் ஒதுங்கறீங்க எல்லாரும்?"

"இடம் இல்லையேம்மா" என்றாள் குழந்தை, இதுகூடவா தெரியாது என்கிற முகத்தோடு.

அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ஆள் நிக்கிறதா வெச்சுக்குவோம். அவள் சொன்னதுதான். கூப்பிடற வரைக்கும் அப்படியே நில்லுங்க. அதையும் அவள்தான் சொன்னாள். எல்லோரையும் பேர் சொல்லி இறக்கினாள். அந்த ஒருவரை யாரும் இறங்கச் சொல்லவில்லை. நின்று நின்று பார்த்து, சலித்துப்போய், மேலேயாவது போவோம் என்று கிளம்பிவிட்டதா? மேலே இருப்பது குழந்தைகள். மேலே இருப்பது அவள் குழந்தை.

மறுநாள் நூலகம் மூடப்போகிற நேரத்தில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, படிக்கட்டின் அடியில் நின்று மெதுவாக, "இறங்கு" என்றாள். தன் குரல் தனக்கே கேவலமாக இருந்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி அசையவில்லை. "பிரஷ், இறங்கு." அசையவில்லை. நியாயம்தானே. அது பிரஷ் இல்லை. பேர் சொன்னால்தான் இறங்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் அவள். இல்லாத ஆளின் பேருக்கு எங்கே போவாள்?

நூலகரிடம் போனாள்.

"படிக்கட்டைக் கொஞ்ச நாளைக்கு மூடணும் சார்."

"ஏன், உடைஞ்சிருக்கா?"

"இல்ல."

"ஆடுதா? வழுக்குதா?"

"இல்ல சார். ஆனா..."

"நீங்க எழுதிக் கொடுத்ததுதான்மா இது." அவர் மேஜை இழுப்பறையைத் திறக்கக்கூட இல்லை, மனப்பாடமாகவே சொன்னார். "பொதுமக்கள் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பானது. யார் ஏறினாலும் தாங்கும். கீழ உங்க கையெழுத்து. இப்ப நீங்களே வந்து மூடுங்கறீங்க. நான் மேலிடத்துக்கு என்னன்னு பதில் எழுதறது?"

"பின்பக்கம் பழைய படிக்கட்டு இருக்கே, அதைத் திறந்து விடலாமே?"

"அதுல பழைய பத்திரிகைக் கட்டு கூரை வரைக்கும் நிக்குது. நீங்க தூக்குவீங்களா?"

சுவரோடு பேசியிருந்தால் சுவராவது குறுக்கே பேசாமல் இருந்திருக்கும். தன் வேலையை அரைகுறையாகச் செய்திருந்தால், ஒரு வெல்டிங்கை விட்டுவைத்திருந்தால், அதைக் காட்டி மூட வைத்திருக்கலாம். இப்போது அவள் கையெழுத்தே அவள் வாயை அடைத்தது.

தன் குழந்தையையாவது காப்பாற்றிக்கொள்ளலாம். வேன் டிரைவரிடம் சொல்லி, சிட்டுவை இனிமேல் பட்டறையில் இறக்கிவிடச் சொன்னாள். சிட்டு உம்மென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தீப்பொறி பறக்காத மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். கதைப் புத்தகம் பாதியில் நிற்கிறது என்று தினமும் ஒரு பாட்டு. அளவம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதியத்தில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குமிழி ஒதுங்குகிற படி மேல்வளைவைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் படிகள்தான்.

அப்புறம் அந்த மழை நாள் வந்தது.

மதியத்திலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. பட்டறைத் தெருவில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூடம் விட்டு வெகு நேரமாகியும் சிட்டு வரவில்லை. டிரைவருக்குப் போன் போட்டாள்.

"உங்க தெருவுல வண்டி வரமாட்டேங்குது அக்கா. பாப்பாவைப் பத்திரமா லைப்ரரியில இறக்கிட்டேன். பழைய இடம்தானேன்னு..."

மீதியை அவள் கேட்கவில்லை. கைக்கு வந்த ரசமட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். குடையை மறந்தாள். நடக்க நடக்கச் சாக்கடை நாற்றமும், நனைந்த துணியின் வாடையும், கால் விரல்களுக்கு நடுவே நெறுநெறுக்கிற மண்ணும். மனசுக்குள் ஒரே வரி. கொஞ்சம் படிகள்தான். கொஞ்சம் படிகள்தான்.

நூலகத்தில் கூட்டமே இல்லை. மழைக்குப் பயந்து எல்லோரும் முன்னமே கிளம்பியிருந்தார்கள். நூலகர் முன்மேஜையில் ஜன்னல் சாவிகளைத் தேடிக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்ச நேரத்துல மூடிருவேன்மா" என்றார். கண்ணாடிக் கூரையிலிருந்து வந்த சாம்பல் வெளிச்சத்தில், அவள் ஒவ்வொரு கம்பியாகச் சண்டை போட்டுக் கட்டிய படிக்கட்டு, சுற்றிச் சுற்றி மேலே போய் நிழலுக்குள் நுழைந்தது. நல்ல படிக்கட்டு. யாரையும் விழவிடாத படிக்கட்டு.

"சிட்டு!"

பதில் இல்லை. தூங்கியிருப்பாள். தூங்கியிருக்க வேண்டும்.

மேலே எங்கோ இரும்பு ஒரு சின்னச் சத்தம் போட்டது. டிங். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பாரம் இறங்கி, படி நிமிர்கிறபோது வருகிற சத்தம்.

ஏறினாள். ஒவ்வொரு படியிலும் ரசமட்டத்தை வைத்தாள். நடுவில். அடுத்தது. நடுவில். நனைந்த கையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கண்ணாடிக் குழாயின் மேல் விழுந்தது. துடைத்துப் பார்த்தாள். நடுவில். மேல்வளைவு. இங்கே இருக்க வேண்டும். இல்லை. அடுத்தது. இல்லை. உடம்பு தானாகக் கம்பியோடு ஒட்டும் என்று காத்திருந்தாள். ஒட்டவில்லை. நடுவிலேயே நடந்தாள். கடைசிப் படி. குமிழி கச்சிதமாக நடுவில் நின்றது.

படிக்கட்டு காலி.

ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சுதான் நிம்மதியாக விட்டாள். படிக்கட்டில் இல்லை.

அப்படியானால்?

"சிட்டு!"

குழந்தைகள் பகுதியின் வாசலிலேயே சிட்டு நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பை முதுகில். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. அவளுக்குப் பின்னால் குட்டி நாற்காலிகள், விரித்தபடி கிடக்கிற ஒரு படப் புத்தகம். குழந்தை ஓடிவரவில்லை. அசையாமல் நின்றாள். அசையக் கூடாது என்று யாரோ சொல்லி வைத்த மாதிரி.

"வாடா கண்ணு. வா, போலாம்."

சிட்டு அவளைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வான்னு சொல்றேன்ல?" பயத்தில் கத்தினாள். "சிட்டு! இறங்கு!"

குழந்தை காலை எடுத்து வைத்தாள்.

குழந்தையோடு படி இறங்கினால் பெரியவர்கள்தான் முன்னால் இறங்க வேண்டும், தடுக்கி விழுந்தால் தாங்கிக்கொள்ள. அளவம்மா முன்னால் இறங்கினாள். பின்னால் படி ஒலித்தது. கணீர் என்று. அவள் காலடியைவிடக் கனமாக. மழை நாள், ஈரம், எதிரொலி. அவள் வேகத்தைக் கூட்டினாள். பின்னால் வேகம் கூடவில்லை. ஒவ்வொரு படியாக. நிதானமாக. கணீர். கணீர்.

திரும்பிப் பார்த்தாள். சிட்டுதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, படியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தாள். சிட்டு மட்டும்தான்.

கீழே வந்தார்கள். சாவிக்கொத்தோடு படிக்கட்டை நோக்கி வந்த நூலகர், குழந்தைக்கு எதிரே வந்ததும் தோளைச் சாய்த்து ஒதுங்கினார். அலமாரியில் இடித்துக்கொள்கிற அளவுக்கு. இடித்த முழங்கையைத் தடவியபடி, எதற்கு ஒதுங்கினோம் என்று புரியாமல் நின்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு விளக்கை அணைக்கப் போய்விட்டார்.

"தூக்கும்மா" என்றாள் சிட்டு.

இரண்டு கையையும் நீட்டினாள். தினமும் நீட்டுவதுதான். தண்ணீரில் நடக்கவிடக் கூடாது, தூக்கிக்கொண்டே ஓடிவிட வேண்டும். அளவம்மா குனிந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

வரவில்லை.

ஈரத்தில் கை வழுக்குகிறது. மறுபடி. பல்லைக் கடித்துத் தூக்கினாள். குழந்தையின் செருப்பு தரையைவிட்டு எழவில்லை.

"கால் வலிக்குதும்மா. எத்தனை நாளா நின்னுக்கிட்டே இருக்கேன்."

சிட்டுவின் குரல். சிட்டுவின் முகம். சின்னக் கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. பாரத்தை முழுக்க அவள்மேல் போட்டன. வளர்ந்த ஒரு ஆளின் பாரம். முழங்கால் மடங்கியது. தரையில் இடித்தது. நிமிர முடியவில்லை. கழுத்து அமுங்கியது. கன்னத்தோடு கன்னம் ஒட்டியிருந்தது. கூடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

குழந்தையின் தோளுக்கு மேலாக அவளுக்குப் படிக்கட்டு தெரிந்தது. சாம்பல் வெளிச்சம். மேல்தளம். யாருமில்லாத கடைசிப் படி.

அந்தப் படியில் ஒரு காலடி விழுந்தது. லேசாக, சின்னதாக, ஒரு குழந்தையுடையது மாதிரி, ஒன்றே ஒன்று. பிறகு நின்றுவிட்டது.